பனைமரத்துக்கு இடிதாங்கி

ஓர் ஊருக்கு ஒரு அறிவாளி இருந்தாலே தாங்காது. கூழைக்குளத்துக்கோ ஆண்டவன் தாராளமாக மூன்று பேரைக் கொடுத்திருந்தான்: மாசானம், இசக்கி, பிச்சாண்டி. மூவரின் விதைநெல்லும் ஊர்க் கிடங்கில் இருந்தது. அது போனால் அந்த வருஷம் விதைப்பும் இல்லை, சோறும் இல்லை. கிடங்குச் சாவி மாசானத்தின் இடுப்பில். வானம் உறுமினாலே பாவம், சாவியைப் பிடித்துக்கொண்டு கிடங்குக்கு ஓடுவான்.

கிடங்குக்கு இடிதாங்கி வேண்டுமா என்று பார்க்க, டவுனிலிருந்து என்ஜினியரைக் கூட்டிவந்தான். அவருக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

"சுத்துவட்டாரத்துல எது உசரமோ, பெரும்பாலும் அதுலதான் இடி விழும். அதுல இடிதாங்கி வைங்க. கம்பியோட கீழ்முனையை மண்ணுல புதைச்சு, யாரு கையும் படாம பாத்துக்கோங்க."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு பனை, நெடுநெடுவென்று நின்றது.

"கிடங்கு குட்டையால்லா இருக்கு அண்ணாச்சி. அதுக்கு எதுக்கு இடிதாங்கி?" என்றான் இசக்கி.

"ஆமால. ஆபத்து பனைக்குத்தான். வாயில்லாத சீவன், நாமதான் காப்பாத்தணும்," என்று மாசானம் கண் கலங்கினான்.

பனை உச்சியில் இடிதாங்கி ஏறியது. அடுத்து கீழ்முனை.

"வெளிய புதைச்சா பிள்ளைங்க தொட்டுரும்," என்றான் பிச்சாண்டி.

"யாரு கையும் படாத இடம் இந்த ஊர்ல ஒண்ணுதாம்ல இருக்கு," என்று மாசானம் இடுப்புச் சாவியைத் தட்டினான்.

கம்பி ஜன்னல் வழியாகக் கிடங்குக்குள் போனது. நெல்மூட்டைகளுக்கு நடுவே மண்தரையில் விரலளவு புதைத்து, மேலே வைக்கோலைப் பரப்பிப் பூட்டினார்கள். மாசானம் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் இடி விழுந்தது. என்ஜினியர் சொன்னபடியே பனையில். உடனே கிடங்குக்குள்ளிருந்து குபுகுபுவென்று புகை.

"அண்ணாச்சி, கதவத் தொறங்க!" என்று கத்தினான் இசக்கி.

"யாரு கையும் படக்கூடாதுன்னு சொல்லியிருக்காருல்லா?"

இதை அவர்கள் பேசித் தீர்ப்பதற்குள் கூரையே விழுந்துவிட்டது. ஒரு மணி நெல்கூட மிஞ்சவில்லை. மாசானம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அண்ணாச்சி, மேல பாருங்க. பனையில ஒரு ஓலைகூடக் கருகல!" என்றான் பிச்சாண்டி.

மாசானம் பார்த்தான். அழுகை நின்றது.

இப்போது அவன் மாமனாரிடம் கெஞ்சி வாங்கிய விதைநெல், மூட்டையோடு பனை உச்சியில் பத்திரமாகத் தொங்குகிறது. கம்பியின் கீழ்முனைக்குத்தான் பூட்டுள்ள இடம் கிடைக்காமல் கொஞ்சம் அலைந்தார்கள். கடைசியில் அதை மாசானத்தின் வீட்டுக்குள் விட்டு, அவன் கட்டிலுக்கடியில் புதைத்திருக்கிறார்கள்.