யாரோ பின்னிய நாலு விரற்கடை

“சாமி, எனக்கு இனிமே சந்தோஷம்னு ஒண்ணு உண்டா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு பட்டுன்னு சொல்லிடுங்க. ஊருக்குப் போய் அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துக்கிறேன்.”

கோவில்பட்டியிலிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி ஏற்காட்டு மலை மடத்துக்கு வந்து சேர்ந்த செண்பகவல்லி, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

அவள் கணவர் சங்கரபாண்டியன் போய் வருஷம் திரும்பப்போகிறது. அன்றிலிருந்து சோறு சோறாக இறங்கவில்லை. தூக்கம் தூக்கமாக வரவில்லை. மகன் புது டிவி வாங்கி வைத்தான். மருமகள் கோவில் கோவிலாகக் கூட்டிப்போனாள். ஒன்றும் வேலைக்காகவில்லை.

மடத்துச் சாமி அவளைவிடப் பத்து வயதாவது இளையவர். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ ஒரு ஸ்வெட்டருக்குக் கை பின்னிக்கொண்டிருந்தார். சாமியார் கையில் ஜபமாலை இருக்கும் என்று நினைத்து வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“பின்னத் தெரியுமாம்மா?”

“பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க. அதுக்கும் நான் கேட்டதுக்கும் என்ன சாமி சம்பந்தம்?”

“இங்க குளிரும். உங்களுக்கு ஒரு சால்வை பின்னிக்குங்க. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.”

நீள ஊசி இரண்டும், ஒரு கூடை சாம்பல் நிற உல்லன் நூலும் அவள் கைக்கு வந்தன.

இது என்னடா வம்பு என்று நினைத்தாள். பதில் வேண்டுமே. உட்கார்ந்துவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் குறை வைக்கிறவள் இல்லை செண்பகவல்லி. விட்டுப்போன பழக்கம் அரை நாளில் விரலுக்கு வந்துவிட்டது. ஆனால் நூலை அந்த இழு இழுத்தாள். யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிற மாதிரி ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கினாள். அடுத்த வரிசைக்கு வரும்போது, கண்ணிக்குள் ஊசி நுழைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவள் விடுவாளா? குத்தி நுழைப்பாள். சாயங்காலம் பார்த்தால் விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கும்.

சாமி ஒருநாள் வந்து அதைச் சுண்டிப் பார்த்தார்.

“சால்வை பின்னச் சொன்னேன். நீங்க கதவு பின்றீங்க போலிருக்கே.”

அவளுக்குச் சுருக்கென்றது.

“எனக்கு வர்றது இதான் சாமி.”

“நான் வேண்டாங்கல. பின்னுங்க.”

மடத்தில் இருந்ததே மூன்று பேர்தான். சாமி, செண்பகவல்லி, சமையல் செய்கிற குருவம்மா. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று செண்பகவல்லி பின்னலை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். குருவம்மாவுக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. அவளுக்கு வாய் ஓயாது.

சால்வை இடுப்பு உயரம் வளர்ந்தது.

ஒரு காலையில், எவ்வளவு ஆகியிருக்கிறது பார்ப்போம் என்று அதை முற்றத்து வெயிலில் விரித்துப் போட்டாள். போட்டவளுக்குப் பகீர் என்றது.

நடுவில் நாலு விரற்கடை உயரத்துக்கு இரண்டு ஓரமும் வெளியே பிதுங்கி நின்றன. அந்த இடம் மட்டும் அகலம். தொட்டால் மெத்துமெத்தென்று அமுங்கியது. அதற்குக் கீழேயும் மேலேயும் பலகை.

கண்ணிகளை எண்ணினாள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

அப்படியென்றால் கைதான் வேறு.

“குருவம்மா! என் பின்னலை யாரைக் கேட்டுத் தொட்டே?”

“நானா? எனக்கு எதுக்கும்மா உங்க பின்னலு? அடுப்பு வேலையே தலைக்கு மேல கெடக்கு!”

“பொய் சொல்லாதே. இந்தா பாரு, இது என் கையே இல்லை. நான் அசந்த நேரம் எடுத்துப் பின்னிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பேசறே!”

“அட சாமி! இது என்ன அநியாயமா இருக்கு!”

விஷயம் வாசல் பெஞ்சுக்குப் போயிற்று. சாமி சால்வையை வாங்கி, முகத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தார்.

“குருவம்மா, வேற நூல்ல நாலு வரிசை பின்னு.”

குருவம்மா முணுமுணுத்துக்கொண்டே பின்னினாள். அந்த ஓட்டைகளில் பல்லி நுழைந்து வெளியே வரலாம்.

“இது இல்லை,” என்றாள் செண்பகவல்லி.

சாமி தானும் நாலு வரிசை பின்னினார். சல்லடை மாதிரி சீராக வந்தது. அதுவும் இல்லை.

“அப்போ யாரு சாமி? பேயா வந்து பின்னிச்சு?”

“மடத்துல மூணு பேரு. ரெண்டு பேரு பின்னிக் காட்டியாச்சு.”

“நான் பின்னல! என் கை எனக்குத் தெரியாதா?”

சாமி அந்த நாலு விரற்கடை இடத்தை மட்டும் கொத்தாகப் பிடித்து அவளிடம் நீட்டினார்.

“மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தாள். காப்பிக்கொட்டை வறுத்த வாசனை. லேசாகக் கருகல்.

குருவம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அய்ய, அன்னைக்கா! நான் கொட்டை வறுத்தேன், நீங்க பக்கத்துல உக்காந்து பின்னிக்கிட்டு அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் கதையைச் சொன்னீங்களே! ஊட்டிக்குப் போன இடத்துல குளிரு தாங்காம, இருட்டுல பேரம் பேசி உங்க வீட்டுக்காரரு ஸ்வெட்டர் வாங்கினாரு. விடிஞ்சு பார்த்தா பொம்பளை ஸ்வெட்டரு! நெஞ்சுல ரோசாப்பூ வேற! ‘குளிருக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா’ன்னு மூஞ்சியை உர்ருன்னு வெச்சுக்கிட்டு, அங்க இருந்த நாளெல்லாம் அதையே போட்டுச் சுத்தினாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க. நான் சிரிச்ச சிரிப்புல கொட்டை கருகிப்போச்சு.”

“அதான் காப்பி அப்படிக் கசந்துச்சா?” என்றார் சாமி.

செண்பகவல்லி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நானா சிரிச்சேன்?”

“நீங்கதாம்மா! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சீங்க. கை மட்டும் நிக்கவே இல்ல. அதுபாட்டுக்குப் பின்னிக்கிட்டே இருந்துச்சு.”

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். அவர் போய் ஒரு வருஷம்கூட முடியவில்லை.

“அவர் இல்லாம நான் சிரிச்சிருக்கேன். பாவி நான்.”

குருவம்மா அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சாமி எழுந்தார்.

“எப்படியோ, அளவு கெட்டுப்போச்சு. அதுவரைக்கும் அவிழ்த்துட்டு, முன்ன மாதிரியே இறுக்கிப் பின்னிக்கலாம். ஒண்ணும் தெரியாது.”

அவர் சால்வையிலிருந்து ஊசியை உருவினார். நூல் முனையைப் பிடித்து இழுத்தார்.

கடைசியாகப் பின்னிய வரிசை போயிற்று. அடுத்தது போயிற்று. அவள் குத்திக் குத்திப் பின்னிய இறுக்கமான கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவிழ்ந்த நூல் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. விரல் சிவக்கப் பார்த்த வேலை அத்தனையும் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நூல் மெத்தென்ற இடத்துக்கு வந்தது. சாமி இன்னும் ஒரு இழு இழுக்கப் போனார்.

“தொடாதீங்க!”

ஊசியோடு சேர்த்துப் பிடுங்கிவிட்டாள். சாமி என்றும் பார்க்கவில்லை, பூதம் என்றும் பார்க்கவில்லை. சால்வையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று அடுப்பங்கரைக்குப் போய், பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். அவிழ்ந்து நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினாள். ஒன்றும் அடம்பிடிக்கவில்லை.

சாமி வாசற்படியில் வந்து நின்றார்.

“ஏம்மா, ஏதோ கேள்வி கேட்டீங்களே. பதில் வேண்டாமா?”

செண்பகவல்லி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு நூலை விரலில் சுற்றினாள்.

“குருவம்மா, அந்த ஸ்வெட்டரோடயே ஊருக்கு வந்து எங்க மாமியார் முன்னாடி போய் நின்னாரே, அதை உனக்குச் சொன்னேனா?”