வீணையை எவ்வளவு ஏற்றுவது?

"குருவே, எவ்வளவு ஏத்தினாலும் வீணை கேக்கவே மாட்டேங்குது," என்றார் சீடர்.

குரு வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சீடர் சபேசனுக்கு வயது ஐம்பத்தொன்பது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மிருதங்கம் வாசிப்பவர். குரு தேன்மொழிக்கு வயது முப்பத்தொன்று. திருச்சியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டுகளுக்கு ஒலிக்கலவை செய்கிறவர். குருவே என்று கூப்பிட வேண்டாம் என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார். ஞானம் தேடுகிறவர்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். சபேசனுக்கு மணிவிழா வருகிறது. அவருடைய மிருதங்கமும் மனைவி வைஜயந்தியின் வீணையும் சேர்ந்த ஒரு பதிவை, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆசைப்பட்டார். படுக்கையறையையே ஸ்டூடியோ ஆக்கினார். ஜன்னலில் மெத்தையைச் சாத்தினார். சத்தம் வருகிறதென்று ஃபிரிட்ஜை அணைத்தார். தோசை மாவு புளித்துப் பொங்கியது.

முந்தின நாள் வைஜயந்தி அந்தப் பதிவைக் கேட்டார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார்.

சபேசன் தேடிக் காட்ட முயன்றார்.

"இனிமே உங்களோட உக்காந்து வாசிக்க மாட்டேன். உங்க கச்சேரியை நீங்களே நடத்திக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலங்களில் இருவரும் சேர்ந்து வாசித்து வந்த வீடு அது. அன்று சாயங்காலம் அங்கே டிவி ஓடியது. சபேசன் குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே குரு கணினி முன் உட்கார்ந்தார்.

தான் பட்ட பாட்டைச் சீடர் வரிசையாகச் சொன்னார். யூடியூபில் சொன்னபடியெல்லாம் செய்தாராம். எதிரொலி சேர்த்ததில் வீடு கோயில் பிராகாரம் மாதிரி ஆனது, வீணை மட்டும் வரவில்லை. கடைசியில் வீணைச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைத் திரையின் உச்சிக்கே ஏற்றிப் பார்த்தார். வீணை கரகரவென்று இருமியது.

"புது மைக் வாங்கட்டுமா குருவே?"

முடிந்ததும் தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடும்படி பதிவைப் போட்டுவிட்டு குரு எழுந்தார்.

"வாங்க சார்."

வெளியே வந்து பக்கத்து வீட்டு அழைப்புமணியை அழுத்தினார். பக்கத்து வீட்டு ஞானப்பிரகாசம் பதிவு தொடங்கிய நாளிலிருந்து லிஃப்டில் சபேசன் முகத்தைப் பார்ப்பதில்லை.

கதவு திறந்தது. சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்ளலாமா என்று குரு கேட்டார். ஞானப்பிரகாசம் சபேசனைப் பார்த்தார், குருவைப் பார்த்தார், சோபாவைக் காட்டினார்.

மூவரும் உட்கார்ந்தார்கள்.

சுவர் வழியாக வந்தது. தொம். தொம். தொம் தொம்.

சபேசனின் முகம் மலர்ந்தது. "நல்லாத்தானே கேக்குது," என்றார்.

ஞானப்பிரகாசம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் சார். உங்க வீட்டுல தச்சு வேலை எப்போ முடியும்?"

தச்சு வேலை இல்லை, சங்கீதம் என்றார் சபேசன், கொஞ்சம் சூடாகவே. தன் மனைவி வீணை வாசிப்பதையும் சொன்னார்.

"வீணையா?"

ஞானப்பிரகாசம் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தார். நல்ல மனிதர், வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"இப்ப வாசிக்கிறாங்களா?"

சபேசன் குருவைப் பார்த்தார். குரு விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிச்சிக்கிட்டுதான் இருக்கா," என்றார் சபேசன். குரல் இறங்கிப் போயிருந்தது.

தொம். தொம் தொம்.

திரும்பி வந்ததும் குரு நாற்காலியைச் சீடர் பக்கம் தள்ளினார்.

திரையில் மூன்று ஃபேடர்கள். ஒன்று சுருதிப்பெட்டி. ஒன்று வீணை, அது உச்சியில் நின்றது. மூன்றாவது மிருதங்கம். அதைச் சபேசன் இதுவரை தொட்டதே இல்லை. சரியாக இருப்பதை எதற்காகத் தொட வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

குரு வீணையை உச்சியிலிருந்து பாதிக்குக் கொண்டுவந்தார்.

"ஐயோ, இருந்ததும் போச்சே," என்றார் சீடர்.

"இப்ப மிருதங்கத்தை இறக்குங்க சார். வீணை வந்ததும் நிறுத்துங்க."

சபேசன் இறக்கினார். ஒரு நூல் அளவு. நிறுத்தினார்.

"வந்துடுச்சா?"

"இல்ல. மனசு வரல."

குரு காத்திருந்தார்.

சபேசன் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார். தொம் என்பது தும் ஆயிற்று. இன்னும் இறக்கினார். திரையைப் பார்த்தால் கை நின்றுவிடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தந்தி அதிர்வது கேட்டது. அதன்மேல் விரல் வழுக்கிப் போவது கேட்டது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வைஜயந்தி எவ்வளவு நிதானமாகப் போகிறார் என்பதும் கேட்டது. சபேசனின் கை தானாக நின்றது.

சமையலறையில் கத்தரிக்காய் நறுக்குகிற சத்தம் நின்றது.

வைஜயந்தி வந்து கதவருகில் நின்றார். சபேசன் திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே இருந்தார். சரணம் வந்தது, போயிற்று. பதிவு முடிந்ததும் குரு அதை நிறுத்தினார்.

வைஜயந்தியின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சரணத்துல ரெண்டாவது வரி," என்றார். "தப்பா வாசிச்சிருக்கேன்."

"ஆமா," என்றார் சபேசன்.

"இத்தனை நாளா இதையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. ஏன் சொல்லல?"

சபேசன் ஏதோ சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தார்.

"இப்பத்தான் கேட்டேன் வைஜி."

வைஜயந்தி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வீணையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

சபேசன் அவசரமாக மிருதங்கத்தை எடுக்கப் போனார்.

"அது இருக்கட்டும்," என்றார் வைஜயந்தி. "முதல்ல கேளுங்க."