கருப்பட்டி வைக்காத வீடுகள்

மலையடியில் ஒரு வைத்தியசாலை. நடத்தியவர் உலகம்மை. அவரிடம் பாடம் கேட்டவர் கோமதிநாயகம். குருவுக்கு நாற்பது வயது. நூற்பாலையில் ஓய்வு பெற்று வந்து சேர்ந்த சீடருக்கோ அறுபது தாண்டியிருந்தது. ஆகவே குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார்.

ஒரு மழைக்காலம் முழுக்க உலகம்மை தங்கையின் பிரசவத்துக்காக வெளியூரில் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது வாசல் மாடத்தில் கருப்பட்டி குவிந்து கிடந்தது. நோய் குணமானவர்கள் ஒரு கருப்பட்டியை அங்கே வைத்துவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். இத்தனை கருப்பட்டியை அந்த மாடம் கண்டதே இல்லை.

கோமதிநாயகம் பெருமை பொங்க நடந்ததைச் சொன்னார். மலையில் ஆடு மேய்ப்பவர்கள் சுருளிக்கொடியை அரைத்து மூட்டுவலிக்குப் பற்றுப் போடுவார்கள். வெளியே பூசினாலே வலி குறைகிறதென்றால் உள்ளே போனால் எப்படிக் கேட்கும் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. மூட்டுவலியென்று வந்தவர்களுக்குக் கஷாயமாக்கிக் கொடுத்திருக்கிறார். இனி அம்மா சரியென்று ஒரு சொல் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை வரப்போகும் தன் அண்ணன் குத்தாலிங்கத்துக்கும் கொடுத்துவிடலாம். அண்ணனுக்கு விரல்கள் முடங்கி, சோறு பிசைந்து தின்னவும் முடியாமல் இருந்தது. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை ஆளாக்கிய கைகள் அவை.

உலகம்மை கேள்விமேல் கேள்வி கேட்டார். கொடியில் எந்தப் பாகம்? எவ்வளவு? சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் குடித்தால் என்ன ஆகும்? ஈரல் தாங்குமா? யாராவது இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் சீடர் எறும்பு மொய்த்த மாடத்தைத்தான் காட்டினார்.

“இதைவிட என்னம்மா சாட்சி வேணும்?”

“எறும்புக்கு நல்ல குணம் தெரியுது, அண்ணாச்சி.”

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த அம்மாளிடம் அவர் அதிகம் கேட்ட சொல்லே ‘தெரியாது’தான். அந்த இலை ஆகுமா என்றால் தெரியாது. இந்த வேர் ஆகுமா என்றால் அதுவும் தெரியாது. தெரியாது என்பதைப் படித்துக்கொள்ளவா ஒரு மனிதன் பென்ஷனோடு மலையடிக்கு வருவான்?

“கஷாயம் குடிச்ச எல்லாருமா கருப்பட்டி வெச்சாங்க?” என்றார் உலகம்மை.

“சில பேர் வரலை.”

“ஏன் வரலை?”

“வலி போனதும் நம்மையும் மறந்திருப்பாங்க. சனங்க புத்தி தெரியாதா?”

உலகம்மை தலையில் கை வைத்துக்கொண்டார். எழுந்து, மூலையில் கிடந்த குடையை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“வராதவங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போனார். முதல் வீட்டில் கஷாயம் கசந்ததால் சாக்கடையில் ஊற்றிவிட்டதாகச் சிரித்தார்கள். அடுத்த வீட்டில் வலி அப்படியேதான் இருந்தது. சொன்னால் ஐயா வருத்தப்படுவாரே என்று வரவில்லையாம். அதற்கும் அப்பால், வாய்க்கால் கரையில், பேச்சித்தாய் வீடு. அவள் பாயிலிருந்து எழ முயன்றாள். முடியவில்லை. கண்கள் இரண்டும் மஞ்சளாய் இருந்தன.

“மருந்து நல்ல மருந்துதான் ஐயா. என் உடம்புக்குத்தான் கொடுத்து வைக்கலை,” என்றாள். “குணமாகாம எந்த முகத்தோட வந்து வாசல்ல நிக்க?”

பிறகு, இன்னும் கொஞ்சம் கஷாயம் கிடைக்குமா என்று கேட்டாள்.

கோமதிநாயகம் ஆட்டோ பிடித்து அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஈரல் வீங்கியிருக்கிறது, என்ன குடித்தாள் என்று கேட்டார். இவர் சொன்னார். அப்படி ஒரு கொடியைப் பற்றி டாக்டரும் கேள்விப்பட்டதில்லை. படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள்.

வைத்தியசாலைக்குத் திரும்பியவர் நேராக அரிவாளைத் தேடினார்.

“அது விஷம் அம்மா. மலையேறி வேரோட வெட்டி எரிச்சிட்டு வாரேன்.”

உலகம்மை அலுப்போடு பார்த்தார். “மலையில காலங்காலமா பத்துப் போடறாங்களே, அவங்களுக்கு?”

“ஒண்ணும் ஆனதாத் தெரியலை.”

“பேச்சித்தாய்க்கு வந்தது கொடியாலதானா, வேற எதனாலயாவதா?”

சீடர் அரிவாள் தேடுவதை நிறுத்தினார்.

“தெரியாது,” என்றார் கடைசியில்.

“அப்பாடா,” என்றார் உலகம்மை.

வெள்ளிக்கிழமை குத்தாலிங்கம் வந்தார். வலி போனவர்களை வழியிலேயே விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். தம்பி பேச்சித்தாய் கதையை மறைக்காமல் சொன்னார். கேட்டுவிட்டு அண்ணன் முடங்கிய விரல்களைத் தம்பி முன் நீட்டினார். வருவது வரட்டும், கொடுடா என்றார். இந்தக் கையோடு இருப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்றார். உலகம்மை சூடு காட்டித் தேய்க்க ஒரு தைலம் கொடுத்தார். குத்தாலிங்கம் அதைத் தொடவில்லை.

கோமதிநாயகம் உள்ளே வந்தார். உலகம்மை சூரணம் சலித்துக்கொண்டிருந்தார்.

“குணமானவங்கதானே அம்மா அதிகம். ஒரு வாய், ஒரே ஒரு வாய் கொடுத்துப் பார்ப்போமே.”

சல்லடை நிற்கவில்லை.

“அவரு ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டேங்காரு. உங்களைக்கூட நம்பி வரலை. என்னை நம்பி வந்திருக்காரு.”

உலகம்மை சல்லடையைக் கீழே வைத்தார்.

“பேச்சித்தாய் யாரை நம்பிக் குடிச்சா, அண்ணாச்சி?”