வாசலில் கழற்ற முடியாதது

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டைக் கோதைவர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், பொறுமை மட்டும் கடுகளவும் கிடையாது. பிறப்பு, குலம், ஆண் பெண், கும்பிடும் தெய்வம் இவற்றைக் காட்டி எவரையும் நீதி சபையிலிருந்து விரட்டக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தவனும் அவனே.

அந்தச் சபையில் வடிவாள் கைகட்டி நின்றாள். அரண்மனைக் குதிரையைத் திருடியதாக அவள் தம்பியைப் பிடித்திருந்தார்கள். குற்றம் உறுதியானால் கையை வெட்டிவிடுவார்கள். நடந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அவளுக்குத் திக்குவாய். நாக்குத் தடுமாறினால் சாட்சி செல்லாது என்பது அங்கே பழைய வழக்கம்.

அமைச்சர் நக்கண்ணன் அவளுக்காகப் பரிந்து பேசினார். அவர் பேரைக் கேட்டாலே வயிறெரிகிற ராஜகுரு ஈசானதேவர் எழுந்தார்.

"கல்லில் திக்குவாய் இல்லையே, அரசே. இன்று இதைச் சேர்த்தால் நாளை சோம்பேறியும் வந்து நிற்பான்."

அரசனுக்கும் அது சரியாகவே பட்டது.

நக்கண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "தாயே, வாசலில் செருப்பைக் கழற்றினாயே, திக்கலையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாமே?"

சபை சிரித்தது. அவளுக்கு அழுகை முட்டியது. "மு... முடிஞ்சா வை... வைக்க மாட்டேனா, சாமி?"

சிரிப்பு அடங்கிவிட்டது. சோம்பலைக் கழற்றலாம், பிறப்பைப் போல இதையும் கழற்ற முடியாது என்றார் நக்கண்ணன்.

ஈசானதேவர் விடவில்லை. கும்பிடும் தெய்வத்தை மனிதன் மாற்றிக்கொள்ளலாம், அதுவும் கல்லில் இருக்கிறதே, அமைச்சரின் வாதம் அங்கேயே உடைகிறது என்றார். சபை அவர் பக்கம் சாய்ந்தது.

நக்கண்ணன் தன் துண்டை நீட்டினார். "அப்படியானால் நெற்றியிலிருக்கும் திருநீற்றைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். நொடி நேர வேலை."

ஈசானதேவரின் கை நெற்றிவரை போனது. துடைக்காமலே கீழே இறங்கியது. "துடைத்துவிட்டால் அப்புறம் நான் யார்?"

"அதைத்தான் சொல்கிறேன். சிலதைக் கழற்றவே முடியாது. சிலதைக் கழற்றினால் ஆளே மிஞ்சமாட்டான். இவற்றுக்காகத்தான் காலங்காலமாக மனிதரை வெளியே நிறுத்தினோம். கல்லில் எதை வெட்டினோம் என்பதோடு, ஏன் வெட்டினோம் என்றும் பாருங்கள், அரசே."

அரசன் கல்லில் திக்குவாயையும் வெட்டி, அதன் கீழே இன்னும் இடம் விட்டுவைக்கச் சொன்னான். தன் முத்துமாலையை நக்கண்ணனுக்குப் போட்டான். ஈசானதேவர் துடைக்க வேண்டியதில்லை, அவள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காமல் நின்று கேட்டால் போதும் என்றான்.

வடிவாளுக்கு முதல் சொல்லே வர மறுத்தது. யாருக்காகவும் காத்திராத அரசன் காத்திருந்தான்.

"கு... குதிரை தா... தானா அவுத்துக்கிட்டு ஓடுச்சு, சாமி. தம்பி அதைப் பி... பிடிச்சுக் கொண்டாந்தான்."

அன்று அவள் வெளியே வந்தபோது, கட்டவிழ்த்து விடப்பட்ட தம்பி வாசலில் குனிந்து, அவள் செருப்பை இரண்டு கையாலும் எடுத்து அவள் காலடியில் வைத்தான்.