தூக்குவாளி நிறையக் கோஸ் தளிர்

கொடைக்கானல் மேல்மலையில் வேலப்பன் என்றொரு கோஸ் விவசாயி இருந்தார். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் நாலு சுவரும்தான்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "கோஸுக்கு இடம் விடணும். நெருக்கி நட்டா எலைதான் வரும், உருண்டை கட்டாது" என்பார். கோஸோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர்களையும் அப்படியே தள்ளித் தள்ளி நட்டுவைத்தார். திருப்பூரில் இருந்த மகனிடம், "உன் பொழப்பைப் பாரு, என்னைப் பாக்க ஓடி ஓடி வராத" என்றார். வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தம்பி வீட்டிலிருந்து தினமும் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. "எங்க அடுப்பும் எரியுது" என்று அதையும் நிறுத்தினார்.

"தனி மரம் தோப்பாகாதுண்ணே" என்று தம்பி சொல்லிப் பார்த்தான்.

"தோப்பாக வேணாம்டா. மரமா நின்னாப் போதும்."

வீம்புக்கு மருந்து எந்தக் கடையிலும் விற்பதில்லை.

அடுப்பு எரிந்தது பொய்யில்லை. ஒருநாள் எரியும், அன்று வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாளும் ஓடும். உப்பு, ஒரு பச்சை மிளகாய். பேச்சுத்துணைக்கு ரேடியோ. அதிலும் பாதி நேரம் கரகரப்பு.

ஒருநாள் காலையில் தோட்டத்தில் தலை சுற்றி விழுந்தார். பனி ஈரத்தில் கோஸுக்கு நடுவே கிடந்தபோது, வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி கோழிகளைக் கூப்பிடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு தானாக எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இதை அவர் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார்.

மலை விளிம்பில் ஒரு சாமியாரின் சமாதி உண்டு. அதை ஒட்டிய தகரக் கூரை அறையில் அமிர்தவல்லி என்ற பெண் துறவி இருந்தார். முன்பு கீழே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வேலப்பனைவிட இருபத்தைந்து வயதாவது இளையவர். மகள் வயதுக்காரியைப் போய்க் குரு என்கிறாரே என்று ஊர் சிரித்தது. வேலப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி இறந்த புதிதில், "வீடு சும்மா இருக்கு தாயி, என்ன செய்யிறது?" என்று கேட்டுப் போனவர். தாயி கோடாலியை எடுத்துக் கொடுத்தார். விறகு பிளக்கச் சொன்னார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போய் விறகு பிளக்கிறார்.

விழுந்த கதையைத் தாயி கடைசிவரை கேட்டார்.

"குரல் குடுத்திருக்கலாமேய்யா."

"எதுக்கு அடுத்தவுகளுக்குத் தொந்தரவு? நீங்களுந்தான் தனியா இருக்கீங்க. விழுந்தா யாரைக் கூப்பிடுவீங்க?"

"போன மழையில இந்தப் படியில வழுக்கி விழுந்தேன். கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல."

வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னவர் முகத்தை அன்று அவரால் பார்க்க முடியவில்லை.

பிறகு கொண்டுவந்திருந்த தட்டை முன்னால் நகர்த்தினார். விழுவதற்கு ஒரு மாதம் முன்பே, உடம்பில் சத்தே இல்லை, கீரை காய் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு மகன் திருப்பூரிலிருந்து மருந்து தடவாத கோஸ் விதையும் தட்டும் அனுப்பியிருந்தான். மைக்ரோகிரீன்ஸ் என்று பெயர் சொன்னான். விதைத்து, இரண்டிலை விட்டதும் அறுத்துப் பச்சையாகத் தின்ன வேண்டுமாம்.

"நாலு கிலோ கோஸ் எடுத்த கை தாயி இது. தொட்டில் புள்ளையக் கிள்ளித் திங்கச் சொல்றான். அந்தத் துளியூண்டு எலையில அப்படி என்ன இருக்கு?"

"நெறைய இருக்கு. முத்துன கோஸைவிடத் தளிர்ல வைட்டமின் கூடன்னு பாத்திருக்காங்க. கண்ணுக்கு ஆகும். நோய் லேசுல அண்டாது. பச்சையாத் திங்கணும், கொதிக்க விட்டாப் பாதி போயிரும்."

"அப்ப மருந்துதான்."

"மருந்தில்ல. சாப்பாடு. சோறு, பருப்போட சேந்தாத்தான் அதுக்கும் வேலை."

"சரி, இந்தத் தட்டு எனக்கு மட்டும் ஏன் இப்படி வந்துச்சு?"

தாயி தட்டைப் பார்த்தார். நாற்றுப் பண்ணையில் குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை போடுவார்களே, அந்தக் கணக்கில் வேலப்பன் விரல் இடைவெளி விட்டு ஒவ்வொரு விதையாக ஊன்றியிருந்தார். எல்லாம் முளைத்திருந்தன. எல்லாம் விழுந்தும் கிடந்தன. நூல் துண்டுகளை இறைத்தது போலிருந்தது.

"வெதை சொத்தை" என்றார் வேலப்பன்.

"மீதி வெதை இருக்கா?"

வேலப்பன் ஒரு தூக்குவாளியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே விதைப் பொட்டலம் இருந்தது. தாயி வாளியின் மூடியைத் திருப்பி, அதில் வெட்டியிருந்த பெயரை வாசித்தார்.

"தவமணி. யாருய்யா?"

"தம்பி பொஞ்சாதி. கடைசியாச் சோறு வந்த வாளி."

"இன்னும் திருப்பிக் குடுக்கலையா?"

"வெறும் வாளிய எப்படித் தாயி குடுக்குறது? எதையாச்சும் போட்டுத்தானே குடுக்கணும். போட எங்கிட்ட என்ன இருக்கு?"

தாயி எழுந்தார். ஓர் அலுமினியத் தட்டில் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பித் தண்ணீர் தெளித்தார். விதையை உள்ளங்கையில் கொட்டி, கோலமாவு தூவுவதுபோல் நெருக்கமாகத் தூவினார். வேலப்பனுக்குப் பதறியது.

"இடம் பத்தாது தாயி. ஒண்ணை ஒண்ணு நெரிக்கும்."

தாயி கையால் லேசாக அழுத்தி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்தார்.

"அடுத்த வாரம் வாங்கய்யா. விறகு தீந்துபோச்சு."

அந்த வாரம் முழுக்க மலையில் பனி இறங்கியபடியே இருந்தது. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. வேலப்பன் வரப்புப் பக்கம் போகும்போதெல்லாம் தம்பி வீட்டுப் புகையின் வாசனை மட்டும் வந்தது. கருவாடு வறுக்கிறார்கள் என்று ஒருநாள் தெரிந்தது. அன்று அவர் உப்புச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை போனபோது மூடியிருந்த தட்டு எடுக்கப்பட்டிருந்தது. இருட்டில் முளைத்த தளிர்கள் மஞ்சளாக நின்றன. தாயி அவற்றை ஜன்னலோரம் வைத்தார். அதற்கடுத்த வெள்ளியன்று தட்டு முழுக்கப் பச்சைப்பசேல் என்றிருந்தது. ஓர் ஊசி இறங்க இடமில்லை. எல்லாம் நிமிர்ந்து நின்றன.

வேலப்பன் குனிந்து பார்த்தார். கையால் மேலே தடவினார். கை போன பக்கம் எல்லாம் சேர்ந்து சாய்ந்தன, எடுத்ததும் எல்லாம் சேர்ந்து எழுந்தன.

"நெரிக்கலையே" என்றார் மெதுவாக.

தாயி கத்தரிக்கோலைக் கொடுத்தார். "அறுங்கய்யா. நடுவுல ஒண்ணை மட்டும் விட்டுருங்க."

வேலப்பன் பிடி பிடியாக அறுத்தார். தாயி ஒரு தளிரை எடுத்து அவரிடம் நீட்டினார். முதலில் கோஸ் ருசி வந்தது, பிறகு கடுகுக் காரம். வேலப்பனுக்கு வாயில் எச்சில் ஊறியது. எத்தனையோ நாளாக அப்படி ஊறியதில்லை.

"அறுத்தா மறுபடி துளுக்குமா?"

"துளுக்காது."

"வச்சிருந்து திங்கலாமா?"

"சாயங்காலத்துக்குள்ள வதங்கிரும்."

"இம்புட்டும் நான் ஒருத்தன் எப்படித் தாயி திங்கிறது?"

தாயி தூக்குவாளியை எடுத்தார். அறுத்த தளிர்களைத் தண்ணீரில் அலசி, உதறி, தவமணியின் வாளியில் அள்ளி அள்ளிப் போட்டார். வாளி நிறைந்தது. மூடியை அழுத்தி மூடி, வேலப்பனின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வேலப்பன் வாளியைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

நடுவில் விட்ட அந்த ஒற்றைத் தளிர் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈர நாரின்மேல் படுத்துவிட்டது.

அவர் சுண்டுவிரலால் அதை நிமிர்த்தினார். நின்றது. விரலை எடுத்தார். படுத்தது. மறுபடி நிமிர்த்தி, அடியில் கொஞ்சம் நாரை அணைத்து வைத்தார். ஆயிரக்கணக்கில் நாற்று நட்ட விரல். அப்போதும் அது படுத்துவிட்டது.

அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"நல்ல வெதைதானே தாயி. இதுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லய்யா. அந்த வாளியில கெடக்குற சத்து அத்தனையும் இதுலயும் இருக்கு."