பேச்சு நின்ற இடம்

ஊருக்குக் கிழக்கே குளக்கரையில் தினமும் காலையில் ஒரு கூட்டம் ஓடும். சொல்லிக் கொடுப்பவள் பூரணி. அவளைவிட இருபது வயது மூத்தவர் அரிசிக்கடை மகுடேசுவரன். அவரும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

பூரணியிடம் ஒரு வழக்கம். பேசிக்கொண்டே ஓட வேண்டும். வேகம் கூடலாம், குறையலாம், பேச்சு மட்டும் நிற்கக்கூடாது. நின்றால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். மகுடேசுவரனுக்கு இது ரொம்பத் தோதாகப் போயிற்று. ஒரு படி அரிசி அளப்பதற்குள் ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிடுகிற மனுஷர். அவர் பக்கத்தில் ஓட ஆளுக்கு ஆள் பயப்படுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஓட்டம். பக்கத்து ஊர் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு வருஷமாக மகுடேசுவரன் அதற்குத்தான் தயாராகி வந்தார். "மாமாவுக்குப் பந்தியில இருந்து எந்திரிக்கவே மூச்சு வாங்குது" என்று கல்யாண வீட்டில் சிரித்தானே மச்சான், அவன் வேடிக்கை பார்க்க வருகிறான்.

வியாழக்கிழமை பார்த்தா காய்ச்சல் வர வேண்டும்! வெள்ளிக்கிழமையும் விடவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வீட்டம்மா கண்ணில் படாமல் குளக்கரைக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்கண்ணா."

"டாக்டர் ஓடுங்கறாரு. சக்கரை நல்லாக் கொறஞ்சிருக்குதாம். மச்சான் என்னடான்னா, ஓடுனவன் ஒருத்தன் ரோட்டுலயே விழுந்து போயிட்டான்ங்கறான். ஓட்டம் உசுரைக் குடுக்குமா, எடுக்குமாங்க?"

"வாங்க, ஓடீட்டே பேசலாம்."

ஓடினார்கள்.

"நேத்து வீட்டுல என்ன சாப்பாடுங்கண்ணா?"

"ரசமுங்க."

பூரணி திரும்பிப் பார்த்தாள். ரசம் என்றால் புளியில் ஆரம்பித்து, அந்தப் புளியை விற்றவன் குடும்பம் வரைக்கும் போகிறவர் அவர்.

"என்ன ரசம்?"

"மொளகு."

"யாரு வெச்சா?"

"அவ."

"நல்லா இருந்துச்சுங்களா?"

"ம்."

பின்னால் வந்த பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். "டீச்சர், அண்ணன் இன்னைக்கு மௌன விரதமாட்ட இருக்குது!"

பூரணி ஓட்டத்தை நிறுத்திவிட்டு மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"மாத்திரை போட்டுட்டு வந்தீங்களா?"

"யாருங்க சொன்னா?"

"மொளகு ரசம் சொல்லுச்சு."

"ரெண்டு நாளாக் காய்ச்சலுங்க" என்று ஒத்துக்கொண்டார்.

"காய்ச்சல் இன்னும் உள்ளதான் இருக்குதுங்கண்ணா. மாத்திரை மூடி போட்டு வெச்சிருக்குது, அவ்வளவுதான். இதோட ஓடுனா நெஞ்சுதான் அடி வாங்கும். நாளைக்கு வேண்டாங்க."

"ஒரு வருஷமுங்க டீச்சர்!" என்றார் அவர். "மச்சான் சிரிப்பானே. இத்தனை நாள் ஓடுனதெல்லாம் வீணுங்களா?"

"ஓட வந்த அன்னைக்கு மச்சானைப் பத்தியா சொன்னீங்க?"

யோசித்தார். அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"இல்லீங்க. பேத்தியைத் தோள்ல வெச்சுட்டு மாடிப்படி ஏற முடியலீன்னு சொன்னேன்."

"இப்ப?"

"தினமும் ஏறறேனுங்க. எறக்கி விட்டாத்தான் அழுவா, கழுதை."

"அடுத்த வாரமும் ஏறோணுமல்லங்கண்ணா?" என்றாள் பூரணி.