தரையில் நின்றபடி தென்னை ஏறியவர்

மந்தம்பாளையத்தில் அந்த வருஷம் தென்னை ஏற ஆளே கிடைக்கவில்லை. முற்றிய தேங்காய்கள் தாமாகவே விழுந்து இரண்டு வீட்டு ஓடுகளை உடைத்துவிட்டன. ஊரார் கூடிப் பேசி, நாச்சிமுத்துவைத் தொலைதூரக் கல்வியில் தென்னை ஏறும் படிப்பில் சேர்த்துவிட்டார்கள்.

கல்லூரியிலிருந்து தபாலில் டப்பா மாதிரி ஒரு கண்ணாடி வந்தது. அதை மாட்டினால் கண்ணெதிரே தென்னை மரம் நிற்கும். காதில் வாத்தியார் பேசுவார்.

நாச்சிமுத்து கோயில் மைதானத்தின் நடுவில் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாத்தியார் சொல்லச் சொல்லக் கையையும் காலையும் வீசினார். அரை மணி நேரத்தில் உச்சிக்கே போய்விட்டார்.

"அறுபது அடி! அருமை. இறங்குவது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் போய்விட்டார்.

"ஐயோ, என்னைய உச்சியில உட்டுட்டுப் போயிட்டாரப்பா!" என்று அலறினார் நாச்சிமுத்து.

மைத்துனர்கள் காளியப்பனும் தம்புராசும் பக்கத்தில்தான் நின்றார்கள். ஆனாலும் அறுபது அடிக்குக் கேட்க வேண்டுமே? அவர் காதருகே கையைக் குவித்துக் கத்தினார்கள்.

"கீழ பாக்காதீங்க மாமா! தலை சுத்தும்!"

"காத்து பலமா அடிக்குதுடா!"

மைதானத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. "உச்சியில அப்படித்தான் அடிக்கும்" என்றார் காளியப்பன்.

ஊரிலேயே நீளமான ஏணி இருபது அடிதான். கண்ணாடியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார் தம்புராசு.

"அறிவிருக்குதா? கழட்டுனா மரம் போயிரும். மரம் போனா மாமன் என்ன ஆவாரு?"

தம்புராசு நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

சோற்றுப் பொட்டலத்தை மேலே வீசிப் பார்த்தார்கள். காளியப்பன் தலைக்கே திரும்பி வந்தது. தாகம் என்றார் நாச்சிமுத்து.

"பக்கத்துலயே இளநி இருக்குமே, பறிச்சுக் குடிங்க!"

"கைக்கே சிக்க மாட்டேங்குதுடா!"

"அதுவும் அடுத்த வாரப் பாடமா இருக்கும்."

மத்தியானம் சாப்பிட வராத புருஷனைத் தேடி வந்தாள் சிவகாமி. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய்க் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

நாச்சிமுத்து பொத்தென்று உட்கார்ந்தார். உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் மைத்துனர்கள் அவரைப் பார்க்கவே இல்லை. முகம் வெளிறி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பாடங்கூடப் படிக்காம அக்கா எப்படி அத்தனை உசரம் ஏறுச்சு?" என்றார் தம்புராசு.

"ஏறுனது கெடக்கட்டும். மாமன் கீழ வந்துட்டாரு, மரமும் போயிருச்சு. இனி அக்கா எதைப் புடிச்சு எறங்கும்?"

நாச்சிமுத்து பதறி எழுந்தார். "சிவகாமி! ஒரு அடிகூட எடுத்து வச்சுராதே!" என்று கத்திவிட்டு, தீயணைப்பு வண்டியைக் கூட்டிவர முதல் ஆளாக ஓடினார்.